ஒளிபரப்புக்கு முந்தைய தேதி: 1958 வினாடி வினா மோசடி பற்றிய நிகழ்வு ஆய்வு

தொலைக்காட்சித் தயாரிப்புக்குள் நடக்கும் மோசடியைத் துப்பறிய இறங்குகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. நடந்ததெல்லாம் லட்சக்கணக்கானோர் கண்முன் நடந்திருக்கும். ஆனால் திரையில் தெரிந்த எதுவும் குற்றத்தைக் காட்டாது. போட்டியாளர் சரியான விடை சொன்னதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த விடை அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

1956 முதல் 1959 வரை நியூயார்க்கில் தயாரான பணப்பரிசு வினாடி வினா நிகழ்ச்சிகளைச் சுற்றி எழுந்த வழக்கு, துப்பறியும் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்றும் நல்ல பாடப்பொருள். ஒரே வகை மோசடியைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமான ஆதாரத்தோடு வந்தார்கள். முதலாமவரை வெகுநாள் யாரும் நம்பவில்லை. இரண்டாமவர் கொண்டுவந்த தாள் ஒரு நிகழ்ச்சியையே நிறுத்தியது. மூன்றாமவர் வைத்திருந்த தபால் உறைகளை யாராலும் உடைக்க முடியவில்லை. மூவரும் சொன்னது உண்மைதான். அந்த உண்மை எந்தத் தேதியில், யார் கைக்கு எட்டாத இடத்தில் பதிவாகியிருந்தது என்பதில்தான் வேறுபாடு.

விளையாட்டும் அதன் ஓட்டைகளும்

பரிசு நிகழ்ச்சிகள் லாட்டரித் தடைச் சட்டத்தின் கீழ் வராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தது. பெரிய தொகைகளுக்கு வழி திறந்தது. 1955 ஜூனில் சிபிஎஸ் அலைவரிசையில் 64,000 டாலர் பரிசு நிகழ்ச்சி தொடங்கியது. அதற்குப் போட்டியாக என்பிசி 1956 செப்டம்பர் 12-ல் ஒளிபரப்பத் தொடங்கியதுதான் ‘ட்வென்ட்டி ஒன்’. டான் என்ரைட்டும் ஜாக் பாரியும் தயாரிப்பாளர்கள், பாரியே தொகுப்பாளர். விளம்பரதாரர் ஜெரிட்டால் என்னும் சத்து மருந்து.

விதிகளை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆதாரத்தை எடைபோடுவதே இந்த விதிகளை வைத்துத்தான். இரண்டு போட்டியாளர்கள் ஒலி புகாத இரண்டு கூண்டுகளில் நிற்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, எதிராளியின் புள்ளியும் தெரியாது. தொகுப்பாளர் தலைப்பை அறிவிப்பார். போட்டியாளர் 1 முதல் 11 வரை ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுப்பார். எண் கூடக் கூட வினா கடினமாகும். முதலில் 21 புள்ளியைத் தொடுபவருக்கு வெற்றி. இரண்டு சுற்றுக்குப் பின் ஒருவர் ஆட்டத்தை நிறுத்தினால், அப்போது முன்னிலையில் இருப்பவருக்கு வெற்றி. புள்ளி வித்தியாசத்தை 500 டாலரால் பெருக்கிப் பரிசு கொடுப்பார்கள். சமநிலையானால் அடுத்த ஆட்டத்தில் ஒரு புள்ளிக்கான தொகை 500 டாலர் ஏறும். நடப்பு வெற்றியாளர் தோற்றால், புதியவர் ஜெயித்த தொகை பழையவரின் கணக்கிலிருந்தே கழியும்.

இதில் தயாரிப்புக் குழுவின் கையில் இருப்பவை: வினாவின் வாசகம், தலைப்புகள் வரும் வரிசை, யாருக்கு எதிராக யார் என்ற தேர்வு, கூண்டின் ஒலிவாங்கியும் குளிர்சாதனமும். போட்டியாளரின் கையில் இருப்பவை: எந்தப் புள்ளியை எடுப்பது, எங்கே தயங்குவது, என்ன விடை சொல்வது. இந்தப் பிரிவினைதான் பின்னால் முழு வழக்கையும் திறக்கப்போகிறது.

முதல் ஒளிபரப்பு நேர்மையாகவே நடந்தது. போட்டியாளர்கள் வினாவுக்கு வினா தடுமாறினார்கள், நிகழ்ச்சி படுத்துவிட்டது. இப்படி இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று விளம்பரதாரர் தரப்பு கோபப்பட்டது. அதற்குப் பிறகு முடிவுகளைத் தயாரிப்பாளர்களே எழுதத் தொடங்கினார்கள். புகார் வந்தால் முதலில் தேட வேண்டியது இந்தத் திருப்புமுனையைத்தான்: எந்த வாரம் வரை ஆட்டம் அலங்கோலமாக இருந்தது, எந்த வாரத்திலிருந்து ‘அழகாக’ மாறியது?

ஸ்டெம்பெல்: உண்மை இருந்தும் நிற்காத சாட்சி

ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் நியூயார்க் சிட்டி காலேஜ் மாணவர், முன்னாள் ராணுவ வீரர். என்ரைட் தன் வீட்டுக்கே வந்து, 25,000 டாலர் ஜெயிக்க விருப்பமா என்று கேட்டதாக அவர் பின்னாளில் சாட்சியம் அளித்தார். விடைகள் மட்டுமா கொடுத்தார்கள்? பொருந்தாத பழைய கோட்டு, கழுத்துப் பட்டை நைந்த சட்டை, ஒட்ட வெட்டிய முடி என ஏழை மாணவன் வேடத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கூடாது, ஒப்பனை கலையும். கைக்குட்டையால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒலிவாங்கியில் கேட்கும்படி மூச்சு விட வேண்டும். தொகுப்பாளரை எப்போதும் ‘மிஸ்டர் பாரி’ என்றே அழைக்க வேண்டும்.

அவருடைய கணக்கில் 69,500 டாலர் சேர்ந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளர் சார்லஸ் வான் டோரன் எதிராளியாக வந்தார். சமநிலைக்கு மேல் சமநிலை வந்து, ஒரு புள்ளியின் விலை 500-லிருந்து 2,500 டாலராக ஏறியது. அதாவது நான்கு சமநிலைகள். 1956 டிசம்பர் 5 அன்று 18-க்கு 10 என்று ஸ்டெம்பெல் தோற்றார். வித்தியாசம் 8, எட்டு முறை 2,500 என்றால் 20,000. ஸ்டெம்பெலின் தொகை 49,500 ஆகக் குறைந்தது. அந்த ஆட்டத்தில் அவர் தவறவிட்ட வினாக்களில் ஒன்று, 1955-ன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது என்பது. விடை ‘மார்ட்டி’. அவருக்கு மிகப் பிடித்த படம் அது. தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ என்று தப்பாகச் சொல்லும்படி அவரைப் பணித்திருந்தார்கள்.

1957-லேயே இந்தக் கதையை அவர் பத்திரிகையாளர்களிடம் கொண்டுபோனார். யாரும் அச்சிடவில்லை. காரணங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் உள்ளிருந்து வரும் ஏறக்குறைய எல்லாப் புகார்களுக்கும் இதே நோய்கள்தான். ஒன்று, அவர் தோற்றவர். வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடலாம். இரண்டு, தனக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை என்று அவரே கையெழுத்திட்ட மறுப்பு என்ரைட்டிடம் இருந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன பேச்சுவார்த்தையின் நடுவே வாங்கிய கையெழுத்து அது. மூன்று, அவரோடு பேசியதை என்ரைட் ரகசியமாக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். ஸ்டெம்பெல் பணம் பறிக்கப் பார்த்தார் என்று காட்ட அந்த நாடா பின்னர் பத்திரிகையாளர்கள் முன் போட்டுக் காட்டப்பட்டது. நான்கு, சொன்னவை எல்லாம் ஒளிபரப்புக்குப் பின் சொன்னவை. அவதூறு வழக்குக்கு அஞ்சும் ஆசிரியருக்கு இந்த நான்காவது காரணம் ஒன்றே போதும்.

இத்தகைய சாட்சியிடம் என்ன நடந்தது என்பதை விட ஒளிபரப்புக்கு முன் யாரிடம் சொன்னீர்கள் என்பதைத்தான் அதிக நேரம் கேட்க வேண்டும். மனைவியிடமா, வகுப்புத் தோழனிடமா, கடன் கொடுத்தவரிடமா? எந்த இடத்தில், எந்தப் பேச்சுக்கு நடுவில்? அந்த மூன்றாவது ஆள் தோற்கவில்லை, அவருக்குப் பரிசும் இல்லை. அவருடைய வாக்குமூலத்தைச் செய்தி வெளியாகும் முன், தனியாக, தேதியிட்டுக் கையெழுத்தோடு வாங்கி வைத்தால் ஸ்டெம்பெலின் கதைக்கு முதுகெலும்பு வந்துவிடும். கையெழுத்திட்ட மறுப்பையும் ஒளிக்காமல் எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். யார் தட்டச்சு செய்தது, அதே வாரத்தில் என்ன வாக்குறுதி தரப்பட்டது, வங்கிக் கணக்கில் என்ன வந்தது என்று கேட்டால் அந்த மறுப்பே தயாரிப்பாளருக்கு எதிரான தடயமாகத் திரும்பும். குற்றமற்றவருக்கு அப்படியொரு தாளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும்.

கிழித்தெடுத்த தாள்

‘டாட்டோ’ 1958 ஜனவரியில் சிபிஎஸ்-ல் தொடங்கிய பகல்நேர நிகழ்ச்சி. விடை சொல்லச் சொல்லப் புள்ளிகள் கோடுகளாக இணைந்து ஒரு பிரபலத்தின் முகம் தெரியும். 1958 மே 20 அன்று, மேடைக்குப் பின்னால் காத்திருந்த மாற்றுப் போட்டியாளர் எட்வர்ட் ஹில்கெமையர், உள்ளே ஆடிக்கொண்டிருந்த போட்டியாளரின் குறிப்பேட்டைப் புரட்டினார். மேடையில் கேட்கப்பட்ட வினாக்களுக்கான விடைகள் அதில் இருந்தன. தாளைக் கிழித்துக்கொண்டு, அன்று தோற்ற எதிர்ப்போட்டியாளரிடம் போய்ச் சொன்னார். இருவருமாகத் தயாரிப்பாளர்களிடம் போனார்கள். தோற்றவருக்கு 4,000 டாலரும் ஹில்கெமையருக்கு 1,500 டாலரும் கிடைத்தன. தொகையில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு அவரை உறுத்தியது. கோடையில் விவகாரம் பத்திரிகை, விளம்பரதாரர், கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையம் என்று பரவியது.

அடுத்து நடந்ததுதான் துப்பறியும் வேலை. சிபிஎஸ் நிர்வாகிகள் கிழித்த தாளையும் அன்றைய ஒளிபரப்பின் கினஸ்கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒளிப்பதிவு நாடா பரவலாகாத அக்காலத்தில், நேரலையை ஒரு திரையில் ஓடவிட்டு அதைத் திரைப்படச் சுருளில் படம்பிடித்து வைப்பார்கள், அதுதான் கினஸ்கோப். தாளும் சுருளும் பொருந்தின. 1958 ஆகஸ்ட் 16-ல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

தாள் பொருந்தியது என்பதோடு நின்றால் அறிக்கை பாதிதான். அந்தத் தாள் உருவாகியிருக்கக்கூடிய வழிகள் நான்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்க வேண்டும்.

ஒளிபரப்பைப் பார்த்துவிட்டுக் கண்டெடுத்தவரே எழுதியிருக்கலாம். இதைக் கையெழுத்து ஒப்பீடும் கிழிந்த ஓரமும் தீர்க்கும். தாளின் கிழிவு குறிப்பேட்டில் எஞ்சிய நறுக்கோடு இழைக்கு இழை சேர்ந்தால், எழுதியவர் யார் என்ற சண்டை முடிந்தது. ஆகவே கிழித்த தாளைக் காட்டிலும் எஞ்சிய குறிப்பேடு எங்கே என்பதே அவசரமான கேள்வி. தாள் கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் குறிப்பேட்டைக் கோட்டை விடுவது அடிக்கடி நேரும் தவறு.

போட்டியாளர் தானாகப் படித்து எழுதிய தயாரிப்புக் குறிப்பாக இருக்கலாம். அப்படியானால் தாளில் கேட்கப்படாத விஷயங்களும் கலந்திருக்கும். கேட்கப்பட்டவை மட்டும், கேட்கப்பட்ட வரிசையிலேயே இருந்தால் இந்த வழி அடைபடும். அதனால் பொருந்திய வரிகளை மட்டும் எண்ணாமல், தாளில் இருந்தும் திரையில் வராதவை எத்தனை, திரையில் வந்தும் தாளில் இல்லாதவை எத்தனை என்ற மூன்று எண்களையும் எழுத வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்குத் தெரியாமல் கீழ்மட்ட ஊழியர் ஒருவர் கசியவிட்டிருக்கலாம். இதற்குத் தாளில் விடை கிடையாது. இங்கே பேசுவது பணம். தனக்குத் தெரியாமல் கசிந்தது என்றால் தயாரிப்பாளர் செய்யக்கூடியது ஊழியரை விசாரிப்பதும் வினாக்களை மாற்றுவதும். கண்டுபிடித்தவருக்குத் தொகை கொடுத்து அனுப்புவது வேறு கதை சொல்கிறது. ஆனால் அவப்பெயருக்கு அஞ்சியும் நிறுவனங்கள் பணம் கொடுப்பதுண்டு. எனவே பணம் தனியாக முடிவைத் தராது. கொடுத்த அதே வாரத்தில் வினா எழுதும் முறையில் ஏதாவது மாறியதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதுவுமே மாறவில்லை என்றால், நான்காவது வழி மட்டுமே மிஞ்சும்: தயாரிப்பே கொடுத்தது.

இந்தத் தாளுக்குப் பலவீனங்கள் இல்லாமல் இல்லை. பிறர் குறிப்பேட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்தது. எடுத்தவர் பணம் வாங்கியவர். எடுத்த நாளுக்கும் அதிகாரிகள் கையில் சேர்ந்த நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி. கினஸ்கோப் இல்லாதிருந்தால் இந்த மூன்றுமே அதைச் சாய்த்திருக்கும்.

‘டாட்டோ’ விழுந்ததும் பத்திரிகைகளுக்குத் தைரியம் வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் ஸ்டெம்பெலின் பழைய கதை அச்சேறியது. நியூயார்க் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் அலுவலகம் விசாரணையைத் தொடங்கியது. அதை நடத்தியவர் உதவி வழக்கறிஞர் ஜோசப் ஸ்டோன்.

பதிவுத் தபால்

ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் ஓவியர். 1957-ல் ‘ட்வென்ட்டி ஒன்’ மேடையில் நின்றவர். தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வினாக்களையும் விடைகளையும் ஒளிபரப்புக்கு முன்பே தாளில் எழுதி, உறையில் ஒட்டி, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். வந்த உறைகளைப் பிரிக்காமல் வைத்தார். ஒன்றல்ல, பல. 1959 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன் அவை ஆதாரமாயின.

சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தால் இதற்கு மதிப்பே இருந்திருக்காது. வாயை ஒட்டாத வெற்று உறையைத் தபாலில் அனுப்பி, முத்திரையோடு திரும்பி வந்த பிறகு உள்ளே எதை வேண்டுமானாலும் திணித்து ஒட்டலாம். பதிவுத் தபாலில் நிலைமை வேறு. ஒட்டிய உறையைத்தான் வாங்குவார்கள். பின்புறம் மடிப்புகள் சேரும் இடங்களின் மேல், பாதி மடல்மீதும் (உறையின் வாயை மூடும் மடிப்பு) பாதி உறைமீதுமாக முத்திரை குத்துவார்கள். வரிசை எண் உண்டு, ரசீது உண்டு, கை மாறும் இடமெல்லாம் அஞ்சல் துறையின் சொந்தப் பதிவேடு உண்டு. தேதியைச் சொல்வது உறையின் சொந்தக்காரர் இல்லை. வழக்கில் எந்த அக்கறையும் இல்லாத ஓர் அரசுத் துறை.

இப்படி ஓர் உறை கைக்கு வந்தால் கையாளும் விதம்: முதலில் முன்னும் பின்னும், பிறகு ஒவ்வொரு முத்திரையையும் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் படம் எடுக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தால் மடலை ஆவியில் பிரித்து மீண்டும் ஒட்டிய சுருக்கம் தெரியும். மடலுக்கும் உறைக்கும் நடுவே முத்திரைக் கோடு விலகாமல் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். முடி அளவு விலகினாலும் குறித்துவைக்க வேண்டும். எடை போட வேண்டும், அஞ்சல் கட்டணத்தோடு அந்த எடை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க. ரசீது எண்ணும் உறை எண்ணும் ஒன்றா? பிரிப்பது கடைசி வேலை. இரண்டு சாட்சிகள் முன், மடலைத் தொடாமல், முத்திரையில்லாத குறுகிய பக்கத்தை நறுக்கி எடுக்க வேண்டும். மடலும் ஒட்டும் அப்படியே எஞ்சினால்தான் எதிர்த்தரப்பு நிபுணர் நாளை பார்க்க முடியும்.

பல உறைகள் இருப்பது பெரிய பலம். ஒன்றைப் பிரித்து விசாரணையைத் தொடங்கலாம், மற்றவற்றை முத்திரையோடு மன்றத்துக்கென வைத்திருக்கலாம். ஒரே உறையோடு வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஆவலில் அதைப் பிரித்துக்கொண்டேதான் வருவார். அதன் பிறகு அது வெறும் கடிதம்.

இனி உள்ளடக்கம். ஒரு கடிதத்தில் ஸ்நோ ஒயிட் கதையின் ஏழு குள்ளர்களைப் பெயர் சொல்லும் வினா இருந்தது. பெயர்களை எந்த வரிசையில் சொல்வது, எந்தப் பெயருக்கு முன் நிறுத்தி யோசிப்பது போல் பாவிப்பது என்பது வரை எழுதப்பட்டிருந்தது. படிக்கிறவரை முதலில் உலுக்குவது அந்த நிறுத்தங்கள்தான். ஆனால் கறாராகப் பார்த்தால், நிறுத்தம் மட்டும் தயாரிப்பாளரைக் குற்றவாளியாக்காது. தான் எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை எவரும் முன்கூட்டி எழுதிவைத்து, பின்னர் அங்கேயே நிறுத்தலாம். எத்தனை புள்ளி எடுப்பது என்பதும் அப்படியே. அது போட்டியாளரின் சொந்தத் தேர்வு.

ஆகவே கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் இரண்டு பத்திகளில் பிரித்து எழுத வேண்டும். இடப்பக்கம் சாட்சியின் கட்டுப்பாட்டில் இருப்பவை: புள்ளித் தேர்வு, தயக்கம், விடையின் சொல்வரிசை. வலப்பக்கம் தயாரிப்பின் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவை: வினா, தலைப்பு, அவை வந்த வரிசை. வலப்பத்தி பொருந்தினால் வினா முன்பே வெளியே வந்துவிட்டது என்பது நிரூபணம். வலப்பத்தி நிரூபணமான பிறகுதான் இடப்பத்திக்கு உயிர் வரும்: வினாவைக் கொடுத்தவர்கள் நடிப்பையும் கற்பித்தார்கள் என்ற சாட்சியத்துக்கு அது வலுச்சேர்க்கும். வரிசை மாறி, தயக்கங்களைத் தூக்கி முதலில் வைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் முழு அறிக்கையையும் கவிழ்த்துவிடுவார்.

இன்னொன்றும் ஸ்நாட்கிராஸின் சாட்சியத்தில் உண்டு. ஒரு கவிதை வரியை எழுதியது யார் என்ற வினாவுக்கு எமர்சன் என்று தவறாகச் சொல்லும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் எமிலி டிக்கின்சன் என்று சரியாகச் சொல்லிவிட்டார். திட்டமும் நடந்ததும் வேறுபட்டதைக் கண்டு ஆதாரம் பலவீனமாகிவிட்டதோ என்று பதறத் தேவையில்லை. மாறியது இடப்பத்தி. வினா அப்படியே இருந்தது.

விடை கொடுக்காமலே நடத்தும் மோசடி

எல்லா நிகழ்ச்சிகளும் விடையைத் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. 64,000 டாலர் நிகழ்ச்சியில் நாசூக்கான முறை இருந்தது. ஒளிபரப்புக்கு முன் போட்டியாளரிடம் நேர்காணல் என்ற பெயரில் ஏராளமான வினாக்களைக் கேட்பார்கள். எதில் வலுவானவர், எதில் தடுமாறுகிறார் என்பது பதிவாகும். நீடிக்க வேண்டியவருக்குத் தெரிந்த பகுதியிலிருந்தும், போக வேண்டியவருக்குத் தெரியாத பகுதியிலிருந்தும் வினா வரும். தனக்கு உதவி கிடைத்தது என்பதே போட்டியாளருக்குத் தெரியாமல் போகலாம். குத்துச்சண்டை பற்றிய வினாக்களுக்கு விடையளித்த உளவியலாளர் ஜாய்ஸ் பிரதர்ஸைக் கழற்றிவிட நடுவர்களைப் பற்றி வினா கேட்டார்கள். அவர் அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் திட்டம் பலிக்கவில்லை.

இங்கே உறையும் கிடையாது, தாளும் கிடையாது. தேட வேண்டியது நேர்காணல் குறிப்புகளையும், வினா இறுதி செய்யப்பட்ட நேரத்தையும். போட்டியாளரின் நேர்காணலுக்குப் பிறகு வினாப் பட்டியல் திருத்தப்பட்டிருந்தால், யார் திருத்தினார், ஒவ்வொரு திருத்தமும் யாருக்குச் சாதகம் என்று வாரவாரியாக அட்டவணை போட வேண்டும். ஓரிரு வாரம் எதையும் சொல்லாது. ஒரு பருவம் முழுவதும் போட்டால்தான் சாய்வு தெரியும்.

வாய்மொழி

குற்றம் சாட்டலாமா என்று சாட்சிகளைக் கேட்டு முடிவெடுக்கும் குடிமக்கள் குழுவான நியூயார்க் பெருநடுவர் குழு 1958 செப்டம்பர் முதல் 1959 ஜூன் வரை சுமார் 150 பேரை விசாரித்தது. அவர்களில் உண்மை சொன்னவர்கள் ஏறக்குறைய 50 பேர் என்று ஹோகன் பின்னர் மதிப்பிட்டார். சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுப் பெரும்பாலோர் பொய் சொன்னதற்குக் காரணம் பயம் மட்டுமில்லை. அவர்கள் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், குடும்பப் பெயரைக் காக்க நினைத்தவர்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அடங்கிவிடும் என்று தயாரிப்புத் தரப்பு நம்பிக்கை ஊட்டியிருந்தது. வான் டோரனும் முதலில் மறுத்தவர்தான். ‘ட்வென்ட்டி ஒன்’ அவருக்கு 1,29,000 டாலர் கொடுத்திருந்தது, என்பிசி-யில் வேலையும் கொடுத்திருந்தது. ‘டைம்’ இதழ் அட்டையில் அவர் படம் வந்திருந்தது.

அதிகாரம் உள்ள பெருநடுவர் குழுவிடமே இப்படி என்றால், யாரையும் வரவழைக்க அதிகாரமில்லாத தனியார் துப்பறிவாளர் விசாரிக்கும் வரிசையில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். தோற்றவர்கள், மாற்றுப் போட்டியாளர்கள், ஒப்பனை மற்றும் ஒலிப் பிரிவினர் என்று விளிம்பிலிருந்து தொடங்கி நடுவுக்குப் போக வேண்டும். கையில் உள்ள தாளைப் பேச்சின் தொடக்கத்தில் காட்டவே கூடாது. முதலில் அவருடைய விவரத்தை முழுமையாகச் சொல்லவிட்டு எழுதி வாங்க வேண்டும். அதன் பிறகு காட்ட வேண்டும். முன்பே காட்டினால் தாளுக்கு ஏற்ற விளக்கம் ஒன்று அங்கேயே பிறந்துவிடும். உரையாடலை ஒலிப்பதிவு செய்யும் முன் அந்த இடத்தின் சட்டம் ஒருவர் சம்மதத்தோடு விடுகிறதா, எல்லோர் சம்மதமும் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பெருநடுவர் குழுவின் அறிக்கையை நீதிபதி மிட்சல் ஷ்வைட்சர் வெளியிடாமல் முடக்கினார். அந்த முடக்கமே பிரதிநிதிகள் சபையின் துணைக்குழுவை உள்ளே இழுத்தது. தலைவர் ஓரன் ஹாரிஸ். களத்தில் விசாரித்த இளம் வழக்கறிஞர் ரிச்சர்ட் குட்வின். 1959 அக்டோபரில் ஸ்டெம்பெலும் ஸ்நாட்கிராஸும் சாட்சியம் அளித்தார்கள், என்ரைட் ஒப்புக்கொண்டார். நவம்பர் 2-ல் வான் டோரனும் ஒப்புக்கொண்டார்.

இன்றைய தயாரிப்பில்

கினஸ்கோப்பின் இடத்தில் இன்று ஒவ்வொரு கேமராவின் தனிப் பதிவும், ஒவ்வொரு ஒலிவாங்கியின் தனித் தடமும், அவற்றை இணைக்கும் நேரக் குறியீடும் இருக்கின்றன. ஒளிபரப்பான தொகுப்பை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தயக்கத்தின் நீளத்தைப் படத்தொகுப்பு மேசையில் கூட்டவும் குறைக்கவும் முடியும். வெட்டப்படாத பதிவுகளைப் பாதுகாக்கும்படி முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும், ஏனென்றால் தயாரிப்பு முடிந்ததும் சேமிப்பகத்தை அழித்து மறுபடி பயன்படுத்துவது சகஜம். கோப்பு கைக்கு வந்தவுடன் அதன் ஹாஷ் மதிப்பை (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) கணக்கிட்டுக் குறித்து, மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

கசிவு தொடர்வதாகச் சந்தேகம் இருந்தால், தயாரிப்பாளரே வாடிக்கையாளராக இருக்கும் பட்சத்தில், வினாப் பட்டியலைப் பெறும் ஒவ்வொருவருக்கும் சிறு மாற்றத்தோடு தனிப் பிரதி கொடுக்கலாம். விடையை மாற்றக் கூடாது. வினாவின் ஒரு சொல், வரிசையில் ஓர் இடம் போதும். ஆறு பேருக்கு ஆறு பிரதி. வெளியே வந்த வாசகம் எந்தப் பிரதியோடு பொருந்துகிறது என்பது ஆளைச் சுட்டும். இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்றுதான்: பெற்றவர் தன் உதவியாளருக்கு அனுப்பியிருப்பார். பிரதி சுட்டுவது ஆளையல்ல, அவருக்குக் கீழே உள்ள கிளை முழுவதையும். கிளைக்குள் இரண்டாம் சுற்று வைத்தால்தான் ஒரு பெயர் கிடைக்கும்.

கடைசியாக, எதை நிரூபிக்க வேண்டும் என்பது. 1958-ல் வினாடி வினாவை ஜோடிப்பது தனியொரு குற்றமாகவே இல்லை; அதனால்தான் வழக்குகள் பொய்ச் சாட்சியத்தின் பேரில் போயின. 1960-ல் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 509-ம் பிரிவு சேர்ந்தது: பார்வையாளரை ஏமாற்றும் நோக்கத்தோடு போட்டியாளருக்கு ரகசிய உதவி தருவது, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவரைத் தூண்டுவது, முடிவை முன்கூட்டி அமைக்கச் சூழ்ச்சி செய்வது ஆகியவை குற்றம், 10,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரகசிய உதவிக்குத் தாளும் உறையும் போதும். முடிவை அமைத்ததற்குப் புள்ளிக் கணக்கும் வினாத் திருத்தங்களும் உதவும். தோற்கத் தூண்டியதுதான் கடினம். தவறான விடை எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. ஸ்டெம்பெலின் ‘மார்ட்டி’ அந்த வகை. அதற்கு ஒளிபரப்புக்கு முந்தைய தேதியோடு ஒரு வரி கிடைக்குமா என்பதை வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும்: குறுஞ்செய்தி, மின்னஞ்சல், நண்பருக்கு அனுப்பிய குரல் பதிவு, எதுவானாலும்.